வீட்டு மாமரம் இலையாகவே தழைக்கிறது, காய்க்கவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: நத்தம் பக்கம் எங்கள் வீட்டைச் சுற்றி 15 சென்ட் இடம் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் 12 அடி இடைவெளியில் ஒட்டு மாங்கன்று ஆறு வைத்தோம். இமாம் பசந்த் இரண்டு. பங்கனப்பள்ளி, அல்போன்சா, செந்தூரா, நீலம் ஒவ்வொன்று. மரங்கள் மொட்டை மாடி உயரத்துக்கு வந்துவிட்டன, இலை கரும்பச்சையாக அடர்ந்து கிடக்கிறது. வாரம் இரண்டு முறை தண்ணீர் விடுகிறோம். துணி துவைக்கும் தண்ணீரும் மரங்களுக்குத்தான் போகிறது. ஆனால் காய் இல்லை. போன தை மாதம் வந்த கொஞ்சப் பூவும் கருகிக் கொட்டிவிட்டது. நீலம் மட்டும் காய்த்தது, அதிலும் புழு. என்ன உரம் போடலாம், என்ன மருந்து அடிக்கலாம்? ஒரு மூலையில் இன்னொரு கன்றுக்கு இடம் இருக்கிறது, எந்த ரகம் வைக்கலாம்?

பதில்:

உங்கள் மரங்களுக்குச் சத்துக் குறைவு இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவற்றுக்குத் தண்ணீர் அதிகம், வெயில் குறைவு. வீட்டு மாமரங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். தோட்டக்காரர் மரத்தைக் காயவிட வேண்டிய நேரத்தில் காயவிடுவார். வீட்டில் இருப்பவர்களுக்கு மனசு கேட்காது, வருடம் முழுக்கத் தண்ணீர் விடுவார்கள். அதனால் உரத்தைப் பிறகு பார்ப்போம். மரம் எப்படிப் பூக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

மாமரம் கிளையின் நுனியில்தான் பூக்கும். ஆனால் எல்லா நுனியும் பூத்துவிடாது. துளிர்த்து நான்கைந்து மாதம் ஆகி, இலை நன்றாக முற்றி, வளர்ச்சி நின்று ஓய்ந்திருக்கும் நுனியாக இருக்க வேண்டும். அப்படி ஓய்ந்த நுனிக்கு மார்கழிக் குளிரும் காய்ந்த மண்ணும் கிடைத்தால் மொட்டு பூங்கொத்தாக உடையும். வேரடியில் ஈரம் இருந்துகொண்டே இருந்தால் அதே மொட்டு செம்புநிறத் துளிராக உடைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மரம் முழுக்கப் பளபளவென்று துளிர் வந்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த நுனிகள் தை மாதத்துக்குள் முற்றாது. அந்த வருடம் அந்தக் கிளைகளில் பூ எதிர்பார்க்க முடியாது.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மரம் ஓய வேண்டிய நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. மழையை நிறுத்த முடியாது, அதற்கு மேல் நாம் தண்ணீர் சேர்க்காமல் இருக்கலாம். புரட்டாசி முடிந்ததும் பாசனத்தை அடியோடு நிறுத்துங்கள். மரத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் வட்டப் பாத்தியின் கரையை வெட்டிவிட்டு, மழைநீர் தேங்காமல் ஓட வழி செய்யுங்கள். துணி துவைக்கும் தண்ணீரை அந்த மாதங்களில் வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிடுங்கள். மாமரத்தடியில் வாழையோ கீரையோ வைத்து அதற்குத் தண்ணீர் விட்டாலும் விளைவு ஒன்றுதான். மாவின் வேர் அதையும் குடிக்கும். மழை முடிந்து மார்கழியில் இலை லேசாகத் தொய்ந்து, ஓரம் சுருண்டு தெரிந்தால் பயப்படாதீர்கள். ஆறு வருட மரம் இதைத் தாங்கும். பூ வந்து, பிஞ்சு பட்டாணி அளவுக்குத் திரண்ட பிறகுதான் மறுபடி தண்ணீர். முதல் தண்ணீரை ஒரேயடியாக வெள்ளம்போல் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். காய்ந்து கிடந்த மரத்துக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் கிடைத்தால் பிஞ்சு கொட்டும்.

அடுத்தது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவது. இதற்குத்தான் வீட்டில் எல்லோரும் தயங்குகிறார்கள். 12 அடி இடைவெளியைக் கேட்டால் பழைய ஆட்கள் தலையில் கை வைப்பார்கள், அவர்கள் காலத்தில் 30 அடிதான் கணக்கு. ஆனால் 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்று அடர் நடவு செய்து நன்றாகக் காய் எடுக்கும் தோப்புகள் இன்று தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு வருடமும் அறுவடை முடிந்த கையோடு மரத்தை வெட்டி, ஆள் கைக்கு எட்டும் உயரத்திலேயே வைத்திருக்கிறார்கள். உங்களுடையதும் அப்படியே இருக்கலாம்: 12 அடி இடைவெளிக்கு 10 முதல் 12 அடி உயரம். மருந்து அடிக்க, காய்க்கு உறை கட்ட, அணில் கடித்ததை எடுக்க எல்லாவற்றுக்கும் அந்த உயரம்தான் வசதி.

வெட்ட வேண்டிய நேரம் ஆனி, ஆடி. நீலம் கடைசியாக வரும் ரகம் என்பதால் அதற்கு மட்டும் ஆடி பாதி வரை பொறுக்கலாம். அதற்குமேல் தள்ளிப் போட்டால் புதுத் துளிர் முற்ற நேரம் போதாது. ஒரே வருடத்தில் மொட்டை அடிக்கவும் வேண்டாம். வெறும் தண்டில் வெயில் பட்டால் பட்டை வெந்து வெடிக்கும், மரம் அந்த வருடம் முழுக்கக் கோபமாய்ச் சிம்பாகவே தள்ளும். மூன்று வருடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் நடுவில் நேராக மேலே போகும் ஒன்றிரண்டு பெரிய கிளைகளை மட்டும், அவை பிரியும் இடத்தோடு ஒட்ட அறுத்து எடுங்கள். மரத்தடியில் நின்று மேலே பார்த்தால் வானம் துண்டு துண்டாகத் தெரிய வேண்டும், உச்சி வெயில் தரையில் புள்ளி புள்ளியாக விழ வேண்டும். அது போதும். மிச்ச உயரத்தை அடுத்த இரண்டு வருடங்களில் இறக்கலாம்.

பெரிய கிளையை அறுக்கும்போது முதலில் அடிப்பக்கம் கால்வாசி அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுங்கள். இல்லையென்றால் கிளை சாயும்போது பட்டையைத் தாய்மரம் வரை உரித்துக்கொண்டு போகும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள்: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்ற கணக்கில், உங்களுக்குத் தேவையான அளவு குறைத்துக் கலக்கலாம். பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள், இரும்பு வேண்டாம். புதிதாக வெயில் படும் தண்டுகளுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

பெரிய கிளை போக, சின்ன வேலை ஒன்று இருக்கிறது. போன பருவத்தில் பூத்த நுனியில் காய்ந்த பூங்கொத்தின் காம்பு விறகுக் குச்சிபோல் நிற்கும். அதற்குக் கீழே ஒரு சாண் இறங்கிப் பார்த்தால், கிளையைச் சுற்றி வளையம்போல் நெருக்கமான தழும்புகள் தெரியும். ஒரு துளிர்ப்பு முடிந்து அடுத்தது தொடங்கிய கணு அது. அந்தக் கணுவுக்கு ஒரு விரல் கீழே வெட்டினால், வெட்டிய இடத்தில் மூன்று நான்கு சிம்புகள் ஒரே நேரத்தில் வரும். அவற்றில் வெளிப்பக்கம் பார்த்த இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றதைக் கையாலேயே கிள்ளிவிடலாம். தையில் பூ வருவது இந்தச் சிம்புகளின் நுனியில்தான். ஆறு மரத்துக்கும் செய்ய இரண்டு மூன்று நாள் காலை நேரம் பிடிக்கும், ஆனால் இதைவிடப் பலன் தரும் வேலை மாமரத்தில் இல்லை.

சரி, பூ கருகியதற்கு வருவோம். ஊரில் எல்லாவற்றையும் "பனியில் கருகிடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பனி துணைபோகும், ஆனால் கருக்குவது பெரும்பாலும் மூன்று பேரில் ஒருவர். முதலாவது தத்துப்பூச்சி. பூங்கொத்துப் பக்கம் கையை ஆட்டினால் அரிசி அளவுப் பூச்சிகள் சடசடவென்று இலையில் மோதிப் பறக்கும். கீழே உள்ள இலைகள் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும், கொஞ்ச நாளில் அதன்மேல் கரி பூசியதுபோல் கரும்பூசணம் படரும். இரண்டாவது சாம்பல் நோய்: காம்பிலும் மொட்டிலும் வெள்ளை மாவு தூவியதுபோல் இருக்கும், இரவு குளிராகவும் பகல் வறண்டும் இருக்கும் நாட்களில் வேகமாகப் பரவும். மூன்றாவது ஆந்த்ராக்னோஸ் என்னும் கருகல் நோய்: பூக்காம்பில் கரும்புள்ளிகள் தோன்றி ஒன்றாய்ச் சேரும், பூக்கும் நேரத்தில் மழைத் தூறலோ கனத்த பனியோ இருந்தால் இதுதான். உங்கள் மரம் வெயில் புகாமல் அடர்ந்திருப்பதால் தத்துப்பூச்சி இருக்க வாய்ப்பு அதிகம். இருட்டும் ஈரமும் உள்ள மரம்தான் அதற்குப் பிடித்த இடம். கவாத்தே அதற்கு முதல் மருந்து.

அதற்கு மேல் தேவைப்பட்டால், பூங்கொத்து விரல் நீளம் வந்து மொட்டு விரியாமல் இருக்கும்போது ஒரு முறை தெளியுங்கள். பூச்சி கொஞ்சமாக இருந்தால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். அதிகமாக இருந்தால் இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். லிட்டருக்கு 0.3 மி.லி. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். கந்தகத்தையும் எண்ணெயையும் சேர்த்து அடிக்கக் கூடாது, அடுத்தடுத்தும் கூடாது. குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் இலையும் பூவும் வெந்துவிடும். பூ மலர்ந்த பிறகு எந்தப் பூச்சிமருந்தும் வேண்டாம். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது ஈக்களும் தேனீக்களும்தான். பூத்த மரத்தில் பூச்சிமருந்து அடித்தால் அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடுவோம். அப்புறம் பூ எவ்வளவு இருந்தாலும் காய் பிடிக்காது.

ஏற்கெனவே இலையில் கரும்பூசணம் படிந்திருந்தால் அதற்கு ஒரு நல்ல கைமுறை உண்டு. 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, 20 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். நல்ல வெயில் நாளாகப் பாருங்கள். கஞ்சி காய்ந்ததும் தகடு தகடாக உரியும், கரியும் கூடவே உரிந்து வந்துவிடும். மேகமூட்டத்தில் அடித்தால் பலன் இல்லை.

ஜனவரி கடைசி வரை பூவே வரவில்லை, ஆனால் நுனி நன்றாக முற்றியிருக்கிறது என்றால் பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 கிராம் கரைத்து இலை நனைய ஒரு முறை அடித்துப் பார்க்கலாம். முற்றாத நுனியில் இது வேலை செய்யாது. கல்தார் போடலாம் என்று அடுத்து யாராவது உங்களிடம் சொல்வார்கள். பேக்லோபுட்ரசால் என்னும் வளர்ச்சி தடுக்கும் மருந்து அது, பெரிய தோப்புகளில் செப்டம்பரில் வேரடியில் ஊற்றுகிறார்கள், பூவும் வரும். வீட்டு மரத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மண்ணில் நீண்ட நாள் தங்கும். அளவு தப்பினால் அடுத்த துளிர்கள் குட்டையாகி முண்டு முண்டாக நின்றுவிடும். கவாத்தும் தண்ணீர் நிறுத்துவதும் சரியாக நடந்தால் ஆறு வருட ஒட்டு மரத்துக்கு அது தேவையே இல்லை.

பிஞ்சு உதிர்வதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். ஒரு பூங்கொத்தில் ஆயிரத்துக்கும் மேல் பூக்கள் இருக்கலாம், அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றால் மரம் நன்றாகக் காய்த்திருக்கிறது என்று அர்த்தம். உதிரும் வடுவைப் பொறுக்கி உப்பில் போட்டுவிடுங்கள்.

நீலத்தில் இருந்த புழு எது என்று நீங்கள் எழுதவில்லை. இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். சதைக்குள் வெள்ளையாகச் சின்னப் புழுக்கள் நிறைய நெளிந்து, சதை கூழாகியிருந்தால் அது பழ ஈ. சதை நன்றாக இருந்து, கொட்டையைப் பிளந்தால் உள்ளே ஒரு தடித்த புழுவோ கறுப்பு வண்டோ இருந்தால் அது கொட்டை வண்டு. நீலத்துக்கு இரண்டுமே வரும். மற்ற ரகங்கள் முடிந்த பிறகு ஜூன், ஜூலையில் பழுப்பதால் ஊரில் உள்ள ஈ எல்லாம் அந்த ஒரு மரத்தைத்தான் தேடி வரும்.

பழ ஈக்கு மருந்து அடித்துப் பயனில்லை. முட்டை தோலுக்கு அடியில் இருக்கிறது. வாசனையால் ஈயை இழுத்துப் பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறியைக் காய் முற்றத் தொடங்கும் முன்பே கட்டுங்கள். அதில் ஆண் ஈ மட்டும்தான் விழும் என்பதால் அதை நம்பி மட்டும் இருக்கக் கூடாது. விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பதுதான் முதல் காரியம். புழு பழத்திலிருந்து இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, முட்டையிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் மறுபடி ஈயாக வந்துவிடும். எரு குழியில் மேலாகப் போட்டுவைத்தால் நாமே ஈ வளர்த்த மாதிரி. கைக்கு எட்டும் காய்களுக்குப் பழுப்புக் காகித உறையோ துணிப்பையோ கட்டுங்கள்; காய் கோழிமுட்டை அளவு வந்ததும் கட்டினால் ஈக்கும் அணிலுக்கும் சேர்த்து ஒரே வேலையில் முடிந்துவிடும். கொட்டை வண்டு பட்டை இடுக்கில் ஒளிந்து அடுத்த பருவம் வரை காத்திருக்கும், அதனால் மரத்தடியில் கொட்டை கிடக்கவிடாதீர்கள். பூக்கும் முன்பு அடித்தண்டின் உரிந்த பட்டையைத் தேய்த்துச் சுண்ணாம்பு பூசுங்கள். இலையைப் பிணைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு இருந்தால் அதை அழிக்க வேண்டாம். கடிக்கும், உண்மைதான். ஆனால் அது நடமாடும் காயில் பழ ஈ முட்டையிடத் தயங்கும். அறுவடை நாளில் கொஞ்சம் சாம்பல் தூவிக்கொண்டு ஏறலாம்.

இனி உரம். ஆறு வயதுக்கு மேற்பட்ட மரத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை வருடத்துக்கு 50 கிலோ தொழு உரம், தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல்சத்து 1.5 கிலோ. கடைச் சரக்காகச் சொன்னால் யூரியா ஏறக்குறைய 2.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 6 கிலோவுக்குச் சற்று மேல், பொட்டாஷ் 2.5 கிலோ. அது தோப்புக்கான கணக்கு. உங்கள் மரத்தின் இலை கரும்பச்சையாக இருக்கிறது, உயரத்தையும் குறைக்கப் போகிறீர்கள். இந்த வருடம் யூரியா வேண்டவே வேண்டாம். தொழு உரம் முழு அளவும், மற்ற இரண்டில் பாதியும் போதும். கவாத்து முடிந்து ஆடி மழை ஈரத்தில் போடுங்கள். தூரில் கொட்டாதீர்கள், உறிஞ்சும் வேர் கிளை நுனியின் நிழல் விழும் வட்டத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறது, அங்கே அரையடி ஆழத்தில் போட்டு மூடுங்கள். கூடவே இரண்டு மூன்று கிலோ வேப்பம் புண்ணாக்கு சேர்த்தால் நல்லது. அல்போன்சாவுக்கு மட்டும் கோடையில் மரத்தடி வெறும் தரையாக இல்லாமல் காய்ந்த இலை மூடாக்கு போட்டு வையுங்கள். வெளியே அழகாக இருக்கும் பழம் உள்ளே பஞ்சுபோல் வெளுத்துப் புளிக்கும் குறை அந்த ரகத்துக்கு உண்டு, தரைச்சூடு அதைக் கூட்டும். அதை மரத்திலேயே பழுக்கவிடாமல் முக்கால் முற்றலில் பறிப்பதும் அதற்காகத்தான்.

பறிக்கும்போது காம்பு ஓரங்குலமாவது இருக்கட்டும். அடியோடு ஒடித்தால் பால் வழிந்து தோலில் பட்ட இடமெல்லாம் கறுத்து, அங்கிருந்தே அழுகல் ஆரம்பிக்கும். வலை கட்டிய தொரட்டியால் பறித்துக் காம்பு கீழே பார்க்கக் கவிழ்த்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு கழுவித் துடைத்து வைக்கோலில் அடுக்குங்கள். காம்பைச் சுற்றித் தோள்பட்டை உப்பி மேலேறியிருந்தால் காய் முற்றிவிட்டது. சந்தேகம் வந்தால் வாளித் தண்ணீரில் போடுங்கள், முற்றிய காய் அமிழும். இமாம் பசந்த் பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். நிறத்தைப் பார்த்துக் காத்திருந்தால் அழுகிவிடும், மோந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த ரகத்திடம் ஏராளமான காயையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு வருடம் காய்த்து மறு வருடம் ஓய்வது அதன் இயல்பு. பங்கனப்பள்ளியும் அல்போன்சாவும் ஓரளவு அப்படித்தான். தவறாமல் காய்ப்பது உங்களிடம் இருப்பதில் நீலம்.

அதனால் காலியாக உள்ள மூலைக்கு வருடா வருடம் காய்க்கும், குட்டையாக நிற்கும் ரகமே பொருத்தம். பையூர் 1 நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்த குட்டை ரகம், கிருஷ்ணகிரி மாவட்டம் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. நார் இல்லாத, செம்மஞ்சள் சதையுள்ள, தேன்போல் இனிக்கும் பழம் வேண்டும் என்றால் அம்ரபாலி. தசேரியையும் நீலத்தையும் கலந்து டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது, இயல்பிலேயே அடங்கி வளரும். வீட்டுக்கு என் தேர்வு அம்ரபாலிதான்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். ஒட்டு நன்றாகச் சேர்ந்திருக்கிறதா, ஒட்டுக்கு மேலே முற்றிய இலைகள் இருக்கின்றனவா, பையின் அடியில் வேர் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றடிக் குழி எடுத்து, மேல்மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்பி, ஒட்டு மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிற்கும்படி ஆடி, ஆவணியில் நடுங்கள். ஒட்டில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை அறுத்துவிட மறக்க வேண்டாம், அது தண்டை நெரித்துவிடும். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிரை உடனுக்குடன் கிள்ளுங்கள். அதை விட்டால் நாட்டுமா மேலேறி ஒட்டு செத்துப்போகும். இரண்டரை அடியில் நுனியை வெட்டி மூன்று நான்கு கிளை வரவிடுங்கள். முதல் மூன்று வருடம் வரும் பூவை மட்டும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒடித்துப் போட்டுவிடுங்கள். நான்காவது வருடத்திலிருந்து காய்க்க விடலாம்.